கொச்சி ஈரம்

இன்று கோவையில் பீரோவைத் திறந்தேன். பூஞ்சை பிடித்த அம்மாவின் சேலையிலிருந்து கொச்சி நாறியது. வாசனை என்றெல்லாம் சொல்ல மாட்டேன்.

தொண்ணூறுகளில், பெரியாறு கடலில் கலக்கும் அந்தத் துறைமுகத்தில், ஈரோட்டு நூல் மூட்டைகளைக் கப்பலேற்றும் வேலை அப்பாவுக்கு. கிடங்கை ஒட்டிய எங்கள் ஓட்டு வீட்டில் உப்பு கரைந்து நீராகும், தீப்பெட்டி நமத்துப்போகும், துணி மூன்று நாளானாலும் காயாது, பெருந்துறை வெயிலில் வளர்ந்த அம்மா இளைத்து இளைத்து மூச்சு வாங்கியபடி அடுப்புக்கு மேலே கயிறு கட்டி என் பாவாடையை உலர்த்துவாள், வெளியே கப்பல் ஊதும், சுவர் அதிரும், நான் படகுத்துறைக்கு ஓடிவிடுவேன்.

"ஏனுங்க, ஊருக்கே போயிரலாமுங்க. இங்க மூச்சே உட முடியலீங்க."

அப்பா என் பக்கம் திரும்புவார். "ஏன் அம்மணி, போலாமா?"

"நான் வரமாட்டேன். அங்க கப்பலே இல்லீங்கப்பா."

"பாத்தியா, புள்ளையே வேண்டாங்குது."

"அப்பனும் புள்ளையும் கப்பலையே கட்டீட்டு அழுங்க" என்று அம்மா சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும்.

ஒவ்வொரு மழைக்காலமும் இதே பேச்சு. மூன்றாவது மழையில் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். அந்த ஆடியில் அவளைப் பிணமாக வேனில் ஊருக்குக் கொண்டுவந்தோம். பிறகு கிடங்கையும் வீட்டையும் இடித்துச் சாலை போட்டுவிட்டார்கள்.

எட்டு வயதுக் குழந்தைக்கு என்ன தெரியும் என்கிறார்கள். எனக்குத் தெரியும். தினமும் அவள் பக்கத்தில், அந்த இளைப்பைக் கேட்டபடிதான் படுத்திருந்தேன்.