எல்லைக்குப் போகாத புகையிலை

ஒரு முறுக்கு டின். அதன் அடியில், முறுக்குக்குக் கீழே அமுக்கி வைத்த நாலைந்து புகையிலைப் பொட்டலங்கள். எங்கள் சுகாதார ஆய்வாளர் அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

எல்லையில் சண்டை மூண்டிருந்த நேரம். உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக் கடைகளில் தடை செய்த புகையிலை விற்கிறார்களா என்று சோதிக்க அவர் போனபோது, கிராமச் செவிலியரான நானும் உடன் இருந்தேன். நாங்கள் நுழையும்போதுதான் ஒரு அம்மா பொட்டலங்களை வாங்கி டின்னுக்குள் ஒளித்துக்கொண்டிருந்தார். அவருடைய மூத்த மகன் எல்லையில் சிப்பாய். விடுப்பு ரத்தாகி அதே முகாமுக்குத் திரும்பும் ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பத்தான் அந்த டின்.

“ராவெல்லாம் காவல் நிக்கிற புள்ள சாரு. தூக்கம் வராம இருக்க இது ஒண்ணு அனுப்பும்மான்னு கேட்டான்” என்று கெஞ்சினார் அந்த அம்மா.

“சண்ட நடக்கசொல்ல இன்னாயா சட்டம் பேசிக்கினு கீற?” என்று கூட்டம் எகிறியது. ஒருவன் ஆய்வாளரின் சட்டையைப் பிடித்து துரோகி என்றான். மனிதர் அசரவில்லை. “சண்டைன்னா புத்துநோய் லீவு போட்டுடுமா?” என்று கேட்டுவிட்டு, முறுக்கை மட்டும் திரும்ப அடுக்கிக் கொடுத்தார். ஒரே ஒரு பொட்டலத்தைக் கண்டும் காணாமல் விட்டிருந்தால் குடியா முழுகிப் போயிருக்கும்? இத்தனைக்கும் அதே கடையில் இன்றைக்கும் கேட்டால் பொட்டலம் கிடைக்கிறது.

அந்த மகன் பெட்டியில் வந்தான்.

இறந்தவருக்குப் பிடித்ததை எல்லாம் படத்தின் முன் படைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காரியத்தன்று கறிக்குழம்புக்கும் வடைக்கும் நடுவில் ஒரு புகையிலைப் பொட்டலமும் இருந்தது. போகாதீர்கள் சார் என்று நான் எவ்வளவோ சொல்லியும் ஆய்வாளர் வந்து வாசலோரம் நின்றார். படையலில் இருந்த பொட்டலம் அவர் கண்ணிலும் பட்டது.

“கடசியா அவன் கேட்டது அது ஒண்ணுதான். அத்தயும் புடுங்கிக்கினியே, பாவி!” என்று அந்த அம்மா அலறினார். ஆய்வாளர் வாசலை விட்டு நகரவில்லை.

கற்பூரம் அணைந்ததும், படைத்ததை வீட்டார் பங்கிட்டுக்கொள்ள உட்கார்ந்தார்கள். கல்லூரியில் படிக்கும் இளைய மகன், அண்ணனுடையது என்று அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கப் போனான். ஆய்வாளர் ஓரடி முன்னால் வைத்தார்; அதற்குமேல் அவருக்குக் கால் வரவில்லை. அதற்குள் அந்த அம்மா பாய்ந்து மகன் கையில் ஓங்கி அடித்து, பொட்டலத்தைப் பிடுங்கினார். நேராக வாசலுக்கு வந்து ஆய்வாளர் கையில் திணித்தார்.

“எட்த்துக்கினு போ. இனிமே எங்க வூட்டாண்ட வராத.”