நான் கேட்காத பதினேழாம் கேள்வி

எனக்குக் கேள்வி கேட்கும் வியாதி உண்டு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட எந்த ஊர், எந்த ரப்பர்த் தோட்டம், பிள்ளைகள் எத்தனை என்று ஈப்போ வந்து சேர்வதற்குள் கறந்துவிடுவேன். "பிலோ, நீ மிசியா, போலீஸா?" என்பார் என் வீட்டுக்காரர். வார்டில் இருபத்தாறு வருஷம் தாதியாக, எங்கள் ஊர்ப் பேச்சில் மிசியாக, இருந்த என்னை டாக்டர் மெய்யம்மை தன் ஆய்வுப் பிரிவுக்கு இழுத்துக்கொண்டதற்கும் அந்த வியாதிதான் காரணம். அப்படிப்பட்ட நான் ஒரு கேள்வியை, ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டேன். ஒரு பெண் சாவின் வாசல் வரை போனாள். புதிதாக ஆய்வுத் தாதியாக வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். ஓய்வு பெற்றாயிற்று, இனி யாருக்குச் சொல்வது? எழுதி வைக்கிறேன்.

1. எங்கள் ஆய்வு

காய்ச்சல், உடம்பில் சிவப்பு, பிரஷர் இறக்கம். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்து வருகிறவர்களைத்தான் எங்கள் ஆய்வில் சேர்ப்போம். எங்கள் பேராக் மாநிலத்தில் இப்படி ஒருவர் வந்தால் முதல் சந்தேகம் டெங்கி. ஆற்றில் இறங்கியவர் என்றால் எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் காய்ச்சல். பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனால் டாக்சிக் ஷாக் என்று ஒன்று உண்டு. முதல் நாள் அதுவும் இதே முகத்தோடுதான் வந்து நிற்கும்.

அதைச் செய்வது ஸ்டெஃப் என்ற சாதாரணக் கிருமி. நம் மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருப்பது. ஒரு புண்ணிலோ, உடம்புக்குள் வைத்து மறந்த பஞ்சிலோ இடம் கிடைத்தால் சில சமயம் ஒரு விஷத்தைச் சுரக்கும். அந்த விஷத்தைக் கண்டதும் நம் எதிர்ப்புச் சக்தி வெறிபிடித்துக் கிளம்பும். ஒரு திருடனைப் பிடிக்க ஊரே கம்போடு கிளம்பி, கண்ட வீட்டுக் கதவையெல்லாம் உடைப்பது மாதிரி. சிறுநீரகம் கெடும், ரத்த அழுத்தம் விழும். "கிருமி செய்யுறது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் நம்ம உடம்பே பண்ற கூத்து" என்பார் டாக்டர் மெய்யம்மை.

எத்தனையோ பேர் மூக்கில் இருக்கிற கிருமி ஏன் ஒருத்தரை மட்டும் இப்படி அடித்துப்போடுகிறது? இதைக் கேட்டுக் கேட்டு டாக்டரின் உயிரை வாங்கியிருக்கிறேன். "அது தெரிஞ்சா நமக்கு எதுக்கு ஆய்வு?" என்று சிரிப்பார். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த செட்டியார் குடும்பம் அவருடையது. வீட்டில் எல்லாரும் வியாபாரத்தில் இருக்க, இவர் மட்டும் கிருமியோடு குடித்தனம் நடத்தினார்.

என் வேலை இரண்டு. ரத்தம் எடுத்து, மெஷினில் சுற்றி, ஃப்ரீசரில் வைப்பது ஒன்று. முப்பத்திரண்டு கேள்விகள் உள்ள படிவத்தை நிரப்புவது இன்னொன்று. "ரத்தத்துல தப்பு வந்தா லேப்ல கண்டுபிடிச்சிடுவேன், பிலோ. ஃபாரத்துல தப்பு வந்தா எனக்குத் தெரியவே தெரியாது" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். நானும் பெரிதாகத் தலையை ஆட்டியிருந்தேன்.

2. கோப்பெங்கிலிருந்து வந்த பெண்

ஜெசிந்தாவுக்கு இருபத்து நான்கு வயது. கோப்பெங் ஆற்றில் சுற்றுலாப் பயணிகளை ரப்பர் படகில் ஏற்றி, பாறைகளுக்கு நடுவே கொண்டுபோகும் ராஃப்டிங் கைடு. நம் பெண் பிள்ளைகளில் அந்த வேலைக்குப் போனவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கை இரண்டும் துடுப்புப் போட்டு உருண்டு திரண்டிருந்தன. அந்தக் கையைத் தூக்கக்கூட முடியாமல் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். வாந்தி, பேதி, நெருப்பாகக் காய்ச்சல். பிரஷர் எழுபதைத் தாண்டவில்லை. பெயரைக் கேட்டால் சொல்வாள், அடுத்த கேள்விக்குள் கண் செருகிவிடும்.

டெங்கி டெஸ்ட்டில் ஒன்றுமில்லை. ஆற்று வேலை என்றதும் வார்டில் எல்லாரும் எலிக்காய்ச்சல் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதற்கான மருந்தும் ஏறியது.

அவளுடைய அம்மா ஆரோக்கியமேரி ஆயர் தாவார் தோட்டப்புறத்திலிருந்து ஓடி வந்திருந்தார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். எந்தத் தோட்டம்? பேச்சு நீண்டு, என் அத்தை மகனுக்கு ஞானஸ்நானத்தில் அவர்தான் ஞானத்தாய் என்று தெரியவந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க நம்மாளுக்கா. எம்புள்ளைய விட்டுறாதீங்க. ஒத்தப் புள்ளக்கா அவ."

"விடமாட்டோம்லா, நீங்க உக்காருங்க" என்றேன். ஆய்வுக்கு அவர்தான் கையெழுத்துப் போட்டார்.

கேள்விகளைத் தமிழில் கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன். எப்போது காய்ச்சல் வந்தது, என்ன சாப்பிட்டாள், உடம்பில் புண் உண்டா. பதினேழாம் கேள்வி, மாதவிடாய் நாளா, ஆம் என்றால் எதைப் பயன்படுத்துகிறார் என்பது. கீழே நான்கு கட்டங்கள்: பேட், டேம்பொன் (உள்ளே வைக்கும் பஞ்சு), கப், துணி. மாதவிடாய் என்று வார்டு மிசி ஏற்கெனவே குறித்திருந்தார். எதைப் பயன்படுத்துகிறாள் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

கேட்கவில்லை. அழுது வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருக்கிற தோட்டத்துத் தாயிடம், கல்யாணமாகாத மகள் உள்ளே எதையாவது வைக்கிறாளா என்று எப்படிக் கேட்பது? கோயிலில் முக்காடு போட்டு முழங்காலில் நிற்கிற குடும்பம். நம்ம பிள்ளைங்க அதையெல்லாம் தொடாது என்று என் மனமே பதில் சொல்லிக்கொண்டது. பேட் கட்டத்தில் டிக் போட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போனேன். ஒரு சீனப் பெண்ணோ வெள்ளைக்காரியோ படுத்திருந்தால் கூச்சப்படாமல் கேட்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் டாக்டர் என் படிவத்தைப் படித்தார். புண் இல்லை, பேட். டாக்சிக் ஷாக் பட்டியலில் கடைசிக்குப் போய்விட்டது.

3. வெயில் படாத இடம்

மறுநாள் காலை அவளுக்கு இன்னும் மோசம். பிரஷரைத் தூக்க மருந்து ஏறிக்கொண்டே இருந்தது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் குறைந்து நின்றுவிடும்போல இருந்தது. இரண்டாவது ரத்தம் எடுக்கப் போனபோது வார்டு மிசி அவளைத் திருப்பித் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கை பிடித்தேன்.

நம் நிறத்தில் சிவப்பு சுலபமாகத் தெரியாது. ஜெசிந்தா நல்ல கறுப்பு, அதிலும் வெயிலில் காய்ந்தவள். முகத்திலும் கையிலும் இருந்த கன்றலை, "ஆத்துல வெயில்லதான லா நிக்குறா" என்று அம்மாவே சொல்லியிருந்தார். நாங்களும் நம்பினோம். ஆனால் லைஃப் ஜாக்கெட் மூடுகிற வயிறும் முதுகும் அதேபோலக் கன்றியிருந்தன. விரலால் அழுத்தினேன், வெளுத்தது. விட்டதும் மறுபடி கன்றியது. உள்ளங்காலைப் பார்த்தேன், அங்கேயும். ஜாக்கெட்டுக்குள் வெயில் எப்படிப் போகும்? உள்ளங்காலில் எப்படிப் படும்?

ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தேன். அவரும் அழுத்திப் பார்த்தார். படிவத்தை வாங்கிப் பதினேழாம் கேள்வியில் விரலை வைத்தார்.

"பேட்னு யார் சொன்னா? புள்ளையா, அம்மாவா?"

"நானே போட்டுட்டேன், டாக்டர்" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இப்பப் போய்க் கேளுங்க" என்றார்.

கட்டிலருகே அம்மா ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். "நீங்க நேத்திலேர்ந்து ஒன்னும் சாப்பிடல. கீழ போய் ஒரு மைலோ குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தேன். பிறகு ஜெசிந்தாவின் காதருகே குனிந்து, "பாப்பா, டேம்பொன் ஏதும் வச்சியா?" என்று கேட்டேன். மூன்று தரம் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"தண்ணியில எறங்கறப்ப வச்சேன்க்கா… எடுத்தேனா… தெரியல."

முந்தின நாள் சிறுநீர்க் குழாய் வைத்தவர்கள் கண்ணில் ஏன் படவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இழுத்தெடுக்க அதில் தொங்கும் நூலும் உள்ளே போயிருந்தது. டாக்டர் திரையை இழுத்துவிட்டுச் சோதித்து, அதை எடுத்தார். அங்கிருந்து ஸ்வாப் எடுத்து லேபுக்கு அனுப்பினார். விஷச் சுரப்பை நிறுத்த இன்னொரு ஆன்டிபயாட்டிக் சேர்த்தார். அன்று முழுக்க நான் அந்தக் கட்டிலைச் சுற்றியே நின்றேன். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இவள் போய்விட்டால் அந்தத் தாயின் முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதே மனதில் ஓடியது.

இரண்டு நாளில் பிரஷர் மருந்தைக் குறைத்தார்கள். சிறுநீர் தாராளமாகப் போக ஆரம்பித்ததும் நான் பை நிரம்புவதைப் போய்ப் போய்ப் பார்த்தேன். லேபில் ஸ்டெஃப் வளர்ந்திருந்தது. இரண்டாம் வாரம் அவள் உள்ளங்கைத் தோல், வெந்த உருளைக்கிழங்குத் தோல்போலக் கழன்று வந்தது. டாக்சிக் ஷாக்கில் அது வழக்கம். புத்தகத்தில் படித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

படிவம் பாக்கி இருந்தது. புதுப் பக்கம் எடுத்துச் சுத்தமாக எழுதிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அந்த நினைப்பு வராமல் இல்லை. ஆய்வில் அதற்கு இடம் கிடையாது. தவறின் மேல் ஒற்றைக் கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான பதில், காரணம், கையெழுத்து, தேதி. காரணம் என்ற இடத்தில், "நோயாளியையும் தாயையும் கேட்கவில்லை, நானாக எழுதினேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

4. மறுபடி வந்தபோது

வீட்டுக்குப் போன ஜெசிந்தா கடைசி ரத்தம் கொடுக்க அம்மாவோடு வந்தாள். ஆற்றுக்குத் திரும்பிவிட்டிருந்தாள். இனி டேம்பொன் கூடாது, இது ஒரு தடவை வந்தவருக்கு மறுபடியும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அந்த நாட்களில் மட்டும் கரையிலேயே வேலை தரும்படி முதலாளியிடம் பேசி வாங்கியிருந்தாள்.

அவள் லேபுக்குள் போனதும், அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குள் குடைந்தது. இது நாள்வரை மகளின் ரகசியத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் முன்பே மகளிடம் தனியாகக் கேட்டுச் சம்மதம் வாங்கியிருந்தேன். "சொல்லுங்கக்கா, பரவால்ல" என்று ஒரு மாதிரிச் சிரித்தாள்.

தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டிருக்க வேண்டியது, கேட்காதது, ஒரு ராத்திரியும் பாதி நாளும் வீணானது. கோபப்படுவார், அல்லது மகளை நினைத்து வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஆரோக்கியமேரி என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அந்தப் பஞ்சாக்கா? நாந்தானக்கா பார்மசியில வாங்கிக் குடுப்பேன். தண்ணிக்குள்ள நின்னு வேல செய்யுற புள்ள, பேட் எப்புடிக்கா தாங்கும்? தமிழ்ப் புள்ள ஒன்னுதான் அங்க வேலைக்கு நின்னுச்சு, அதுகிட்ட கேட்டுத்தான் வாங்குனேன்."

"நீங்களா வாங்குனீங்க?" என்று கேட்டேன்.

"அன்னைக்கு நான் பக்கத்துலயே தான உக்காந்திருந்தேன். எந்தத் தோட்டம், என்ன சாப்பிட்டா, அத்த மகன் பேரு என்னன்னு எல்லாம் கேட்டீங்க. இத மட்டும் ஏங்கக்கா கேக்கல?"

கோபமே இல்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். முதல் நாள் அவரிடம் கேட்கவில்லை. இரண்டாம் நாள் கேட்கப் போகும்போது அவரை மைலோ குடிக்க அனுப்பினேன். பதில் தெரிந்த ஆளை இரண்டு தடவையும் நானே ஒதுக்கியிருக்கிறேன். தோட்டத்தில் பிறந்த எனக்குத் தோட்டத்து அம்மாவைத் தெரியும் என்ற திமிர் அது. "தப்புப் பண்ணிட்டேன்மா, மன்னிச்சிடுங்க" என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை பதினேழாம் கேள்வியை, நான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, எந்தப் பெண்ணிடமும் கேட்காமல் விட்டதில்லை. சிலர் முறைத்தார்கள், சிலர் சிரித்தார்கள், எல்லாரும் பதில் சொன்னார்கள்.