ஏகாம்பரம் அண்ணன் ஆற்றுக்குக் கொடுத்த பாடு

ஏகாம்பரம் அண்ணன் போய்விட்டாராம்.

காலையில் கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பழைய ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்தது. நரைத்த மீசை, காக்கிச் சட்டை... கீழே பெயரைப் படித்த பிறகுதான் ஆள் தெரிந்தது.

இவரைப் பற்றி என்ன எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, ஃப்ரெண்ட்ஸ். நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்காவது புரிகிறதா பாருங்கள்.

எழுபதுகளின் தொடக்கம். பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவில், ஆரணி ஆற்றை ஒட்டிய கிராமத்துக்கு நான் மருமகளாக வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும்.

அண்ணன் பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்காரர். சைக்கிள் கேரியரில் கூடை கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருவார். பேச்சிலேயே ஆளைக் கவிழ்த்துவிடுவார். மீன் கொஞ்சம் நைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவோம்.

அந்தச் சமயம் ஒரு வெள்ளத்தில் எங்கள் பக்கத்து ஆற்றங்கரை உடைந்து கிடந்தது. மழைக்கு ஆறு வந்தாலும் தண்ணீர் அந்த உடைப்பு வழியாக முள்ளுக்காட்டில் பாய்ந்து வீணாகப் போகும். எங்கள் வாய்க்காலிலும் ஏறாது, கடல் பக்கமும் போகாது.

யூனியன் ஆபீஸில் ஒரே பேச்சு. முதலில் ஊர்ப் பங்கைக் காட்டுங்கள், மீதியை அரசாங்கம் போடும்.

களத்திலேயே வீட்டுக்கு இவ்வளவு நெல் என்று அளந்து கொடுத்தோம். அடுத்தடுத்து போகம் பொய்த்த ஊர்... பாதி பங்குகூடத் தேறவில்லை.

அப்போதுதான் அண்ணன் சொன்னார். கவலைப்படாதீர்கள், எங்கள் குப்பத்திலிருந்து ஒரு சீசன் பாட்டைக் கொடுக்கிறோம் என்று.

பாடு என்றால் முறை. பழவேற்காடு ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. இந்த இடம், இந்த நாள், இந்தக் குடும்பத்துக்கு என்று கட்டுப்பாடு. பாட்டை விற்றுப் பணமாகக் கொடுத்துவிட்டால் அந்த மீன் முழுக்க வாங்கினவருக்கு. அடுத்த சீசன் வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

எங்கள் கரையைக் கட்ட மீன்பிடிக்கிறவர்கள் எதற்குக் கொடுக்க வேண்டும்? ஒருத்தரும் கேட்கவில்லை. வருகிறதை யாராவது வேண்டாம் என்பார்களா...

சொன்னபடி கொடுத்தார். பங்கு நிறைந்தது. கோடையில் வேலை ஆரம்பித்தது. குப்பத்திலிருந்தும் கொஞ்சம் பேர் மண் சுமக்க வந்தார்கள்.

என்னோடு கூடை தூக்கியது அண்ணனின் மனைவி. குப்பமே பாடு கொடுத்ததே, உங்கள் ஆட்களுக்குப் பெரிய மனசு என்று சும்மா பேச்சுக்குச் சொன்னேன்.

அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

"குப்பம் எங்கக்கா குட்த்துது? அவுங்க முடியாதுன்ட்டாங்க. அது எங்க ஊட்டுப் பாடு. ஆத்துத் தண்ணி வந்து முட்டுச்சின்னா, மண்ணு மூடிக்கினு கீற முகத்துவாரம் தொறந்துக்கும், எறா வரும்னாரு. சரின்ட்டேன்."

ஏரி கடலில் சேருகிற வாயைத்தான் முகத்துவாரம் என்றாள். எங்களிடம் அண்ணன் சொன்னது வேறு. கரை நின்றால் தண்ணீர் மொத்தமும் உங்கள் வாய்க்காலில்தான் ஏறும் என்றார். அதை அவளிடம் சொன்னேன்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராகப் புருஷனிடம் போனாள். தண்ணீர் யாருக்கு என்று கேட்டாள். இரண்டு பக்கத்து ஆட்களும் மண்வெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அடிதடி ஆகப்போகிறது என்றே நினைத்தேன்.

அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டு பேருக்கும் வரும்னு நெனச்சிக்கினுதான் சொன்னேன். இப்போ நீ கேக்க சொல்ல எனக்கே கொயப்பமா கீது."

ஏமாற்றுகிறவன் இப்படியா பேசுவான்? விவரம் தெரிந்தவனும் இப்படிப் பேச மாட்டானே...

அவள் அவரைப் பார்த்தாள். பாதி எழும்பி நின்ற கரையைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து சும்மாட்டைத் தலையில் வைத்துக் கூடையைத் தூக்கினாள். பொழுது சாயும்வரை சுமந்தாள்.

ஐப்பசியில் நல்ல மழை. கரை நின்றது. எங்கள் வாய்க்காலில் தண்ணீர் தளும்பிக்கொண்டு வந்தது. வீட்டில் நெல் வைக்க இடமில்லாமல் கூடத்தில் மூட்டை அடுக்கினோம்.

அண்ணனின் சைக்கிள் மட்டும் வரவில்லை. வேறொரு மீன்காரர் வந்தார். விசாரித்தால் அவருக்குத் தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நானும் கும்மிடிப்பூண்டியில் பேக்கிங் வேலைக்கு வந்தேன். ஒருநாள் ரயிலில் எதிர் சீட்டில் அண்ணன். இரும்பு கம்பெனியில் வாட்ச்மேனாம்.

என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி. "இன்னாமா, உங்க வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா?"

வந்தது அண்ணே என்றேன். முகம் அப்படி மலர்ந்தது. உங்கள் முகத்துவாரம் திறந்ததா என்று கேட்டேன். அதற்குள் ஸ்டேஷன் வந்துவிட்டது, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். கூட்டத்தில் காதில் விழவில்லையோ என்னவோ... அதன் பிறகு நான் பார்க்கவேயில்லை.

இன்று குரூப்பில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். அவர் மகன் எடுத்தார். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா என்று தோன்றியது, ஆனாலும் கேட்டுவிட்டேன். அந்த வருடம் முகத்துவாரம் திறந்ததா தம்பி?

"யாருக்குமா தெரியும்? பாடு இல்லாம அங்க இன்னா பண்றது? மயைக்கு முன்னாடியே வலைய வித்துட்டு இங்க வந்துட்டோம். எங்கம்மா கடைசி வரைக்கும் அந்த மண்ணு தூக்குன கதையத்தான் சொல்லிக்கினு இருந்துச்சு. சொல்ல சொல்ல சிரிக்கும்."

சிரித்தாளா?

சாயங்காலம் எடுக்கிறார்களாம். கிளம்பிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்ததை அந்தப் பிள்ளையிடம் சொல்லலாமா, கூடாதா... தெரியவில்லை.

போய் வாங்க, அண்ணே.