மூன்று கோடுகள் சேர்ந்த பேனா

ராஜபாளையத்தில் எனக்கு லேத் பட்டறை. நூற்பாலை இயந்திரங்களுக்கு உதிரி பாகம் கடைந்து தருவது தொழில். கையெழுத்துப் போடுவதைத் தாண்டி எனக்கும் பேனாவுக்கும் பழக்கமில்லை. அப்படிப்பட்ட என்னிடம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் பஸ் ஏறி வந்து, மேஜைமேல் ஒரு படத்தை விரித்தார்.

எபொனைட் என்ற கறுப்புக் கெட்டி ரப்பரில் ஒரு மைப் பேனா. அதைச் சுற்றி வெள்ளிக் கம்பியில் மூன்று கோடுகள்: மிளகு போன வழி, முத்து போன வழி, பட்டு வந்த வழி. அவருடைய முன்னோர்கள் கப்பல் வியாபாரிகளாம். வெளிநாட்டு விலையுயர்ந்த பேனாக்களை வருஷக்கணக்காகச் சேர்த்தவர், நம் பக்கத்திலிருந்து அப்படி ஒன்று வரவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

"மூடியைத் திருகினா கோடு விட்டுப்போகக் கூடாதுக்கா. கப்பல் நடுக்கடல்ல நின்ன மாதிரி ஆயிரும்."

அங்கேதான் சிக்கல். மூடி சட்டென்று ஏற வேண்டுமென்றால், அதைத் திருகும் மரை மூன்று இடங்களில் தொடங்க வேண்டும். அப்போது மூடியும் மூன்று விதமாக உட்காரும். ஒன்றில் மட்டும் கோடுகள் சேரும். முதல் பேனாவை பாய் மூடி மூடிப் பார்த்தார். கோடு விட்டுப்போனதும் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்ததில் ஒரே இடத்தில் தொடங்கும் மரை வைத்தேன். கோடுகள் சேர்ந்தன. ஆனால் திறக்க ஆறு சுற்று.

"பேனாவைத் திறக்கதுக்குள்ள எதுக்க இருக்கவன் எந்திரிச்சுப் போயிருவான்," என்றார்.

நான்காவது பேனா, கம்பி பதிக்கும்போது விரிசல் விட்டது. கோபத்தில் போனில் கத்தினேன்: "படத்தை மாத்துங்க பாய்!"

"கடலை எப்படிக்கா மாத்துறது?" அவரும் கத்தினார்.

மறுநாள் காலை ஓர் இரும்புக் குழாயில் சாக்பீஸால் மூன்று கோடு இழுத்துப் பார்த்தேன். மூடி சேரும் இடத்தில் மட்டும் மூன்றும் சம இடைவெளியில் வந்தால் போதும். மரையின் மூன்று தொடக்கத்தில் மூடி எதில் உட்கார்ந்தாலும், மூடியின் ஒவ்வொரு கோடும் கீழே ஏதாவது ஒரு கோட்டோடு சேர்ந்தே தீரும்! உடனே பாயைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அப்ப மிளகுக் கப்பல் முத்து வழியில போயிருமேக்கா?" என்றார்.

"போகட்டுமே பாய். உங்க ஆளுக காத்தடிச்ச பக்கம் போகாமலா இருந்திருப்பாக?"

பாய் சிரித்துவிட்டார். "எங்க ஆளுக போயிருப்பாக, போயிருப்பாக!"

ஏழாவது பேனாவை சென்னையில் நடந்த பேனா கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். கண்ணாடி போட்ட ஒருவர், பேனா சேகரிப்பவராம், கையில் எடுத்தார். மூடினார், திறந்தார். வேண்டுமென்றே மூடியை வேறு வேறு பக்கமாகத் திருப்பி வைத்து மூடினார். ஒவ்வொரு தடவையும் வெள்ளிக் கோடு அறுபடாமல் ஓடியது. பக்கத்து மேஜைக்காரர்களும் எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"எந்த நாட்டுல செஞ்சது?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

பாய் என்னைக் கை காட்டினார்.

"ராஜபாளையம்ங்க. என் லேத்துல," என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

அவர் நம்பாமல் என் கைகளைப் பார்த்தார். பேனாவை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு மூடியைத் திருகி, அவர் முன்னால் நீட்டினேன். கோடுகள் சேர்ந்திருந்தன.