எனக்கு ஒரு பெட்டி வேண்டும்

மெல்லிசைக் கச்சேரியில் பாடுகிறவருக்குக் கைத்தட்டல், வாசிக்கிறவருக்குப் பிரியாணி, சாம்ப்ளர் தட்டுகிறவனுக்கு மட்டும் "யார்றா அங்க மாடு கத்துது?" என்ற விசாரணை.

சாம்ப்ளர் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஏதாவதொரு சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பட்டனைத் தட்டும்போதெல்லாம் அதையே திருப்பித் தரும் சாதனம் அது. இரண்டு வகை உண்டு. ஒன்று, கையால் தட்டுகிற தனிப் பெட்டி. மற்றது, கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் சாஃப்ட்வேர். எதை வாங்குவது என்று சோறு இறங்காமல் திரிந்து, கடைசியில் இரண்டையும் வாங்க வழியில்லாமல் போன என் இனத்தாரே, இது உங்களுக்காக. எனக்கு வயது பத்தொன்பது. இன்றுவரை நான் தட்டியதெல்லாம் அடுத்தவர் பெட்டி. இந்தக் கதையில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது, சத்தியம். ஆனால் இப்போது தரமாட்டேன். உட்காருங்கள்.

தேவிகாபுரம் எல்லாம் எறங்கு

ப்ளஸ் டூ படிக்கும்போது ஆரணியில் தனசேகர் அண்ணன் நடத்திய மெல்லிசைக் குழுவில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. இரண்டு பாட்டுக்கு நடுவில் பாடகர் தண்ணீர் குடிக்கும் இடைவெளியை என் வாயால் நிரப்ப வேண்டும். மழை, ரயில், கன்றுக்குட்டி, எங்கள் ஹெட்மாஸ்டரின் இருமல் எல்லாம் வரும். பஸ் கண்டக்டர் குரல் மட்டும் எனக்கே ஆச்சரியமாக வரும்.

அண்ணன் சென்னையில் ஒரு ஸ்டுடியோ கழித்துப்போட்ட சாம்ப்ளர் பெட்டி ஒன்றை வாங்கி வந்திருந்தார். சாம்பல் நிறம், முன்னால் ஃப்ளாப்பி நுழைக்கும் வாய், மேலே ரப்பரில் எட்டுப் பட்டன்கள். தேவிகாபுரம் திருவிழாவில் என் கண்டக்டர் குரலை அதில் பிடித்து, "தட்டுடா" என்றார். தட்டினேன். "தேவிகாபுரம் எல்லாம் எறங்கு! ஜல்தி, ஜல்தி!" என்று மைதானம் முழுக்க நான் கத்தினேன், வாயைத் திறக்காமலே. அந்த ரப்பர் என் விரலைத் திருப்பித் தள்ளியது பாருங்கள், அந்தத் தள்ளல் இன்னும் விரல் நுனியில் இருக்கிறது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் அரைத் தூக்கத்தில் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்கே இருக்கிறோம் என்று நாலாபக்கமும் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்துச் சொன்னார்: "இன்னாப்பா, இப்பத்தான் வந்து குந்தனேன், அதுக்குள்ள எறக்கி உடறியே!"

வாயே திறக்காத முதலாளி

என் நண்பன் ஸ்ரீதர் சேலை டிசைன் போடும் கடையில் வேலை செய்தான். கம்ப்யூட்டரில் மயிலும் மாங்காயும் வரைந்து பார்டர் தயாரிக்கும் கடை. ஒரு பத்திரிகையோடு வந்த சிடியில் இருந்த சாம்ப்ளர் சாஃப்ட்வேரை மயில்களுக்கு நடுவே ஏற்றினோம். நியாயமாகச் சொன்னால், கொள்ளளவில் அதன் கால் தூசிக்கு ஆகாது பெட்டி. பெட்டி பத்து விநாடிச் சத்தத்தில் வயிறு நிறைந்துவிடும். கம்ப்யூட்டரோ அரை மணி நேரக் கச்சேரியையே விழுங்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்கும். ஆனால் மௌஸைச் சொடுக்கினால் சத்தம் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வரும். தூக்கிக்கொண்டு பெரணமல்லூர் பஸ்ஸில் ஏறவும் முடியாது. முக்கியமாக, மௌஸ் விரலைத் திருப்பித் தள்ளாது.

கடை முதலாளியின் குரலில் "டேய் ஸ்ரீதரு, பார்டர் இன்னாடா ஆச்சி?" என்று பேசி அதில் பதிந்து வைத்தேன். ஸ்ரீதர் டீ குடித்துவிட்டு உள்ளே வந்த சமயம் பார்த்துச் சொடுக்கினேன். அவன் விறைத்து நின்று, "முடிஞ்சிகினே இருக்குது சார், நாளைக்கு குடுத்துடறேன் சார்" என்று சுவரிடம் சொன்னான். அவன் பின்னாலேயே நிஜ முதலாளி வந்து நின்றது எங்கள் இருவருக்கும் தெரியாது. அவர் சொன்னார்: "நான் இன்னும் வாயே தொறக்கலியேடா, அதுக்குள்ள எனுக்கு பதில் சொல்லிகினு கீற?"

சிரிப்பு இதுவல்ல. பொறுங்கள்.

பெட்டி என்றால் ஒன்றுதான்

தனசேகர் அண்ணன் புதுப் பெட்டி வாங்கப் போவதாகச் சொன்னார். பழையதை, ஒரு மைக்கும் குட்டி ஸ்பீக்கரும் சேர்த்து, துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "பத்து நாள் வச்சிரு. வீட்ல ஒத்துகினா பொட்டியும் உன்து, ஸ்டேஜும் உன்து. இல்லன்னா வேலூர்ல இருந்து ஒரு பையன் கம்ப்யூட்டரோட வரேன்றான், அவன வச்சிக்குவேன்."

வீடு என்றால் என் அப்பா. பட்டுத்தறி நெசவாளி. நான் தறியில் உட்காரவில்லை என்பது அவருக்கு இரண்டு வருஷ ஏக்கம். அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சாப்பிடும்போது தறிப் பக்கம் ஒரு பார்வை, என் பக்கம் ஒரு பார்வை, அவ்வளவுதான். துணிச் சுற்றை ஒளித்து வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்று, "நைனா, எனுக்கு ஒரு பொட்டி வேணும்" என்றேன்.

தவறு எங்கே நடந்தது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். தறிக்கு மேலே உட்கார்ந்து, இழைகளைத் தூக்கி டிசைன் விழ வைக்கிற ஜக்கார்டுக்கு எங்கள் ஊரில் பெட்டி என்றுதான் பெயர். வேறு பெட்டி எங்கள் வீட்டில் கிடையாது. அப்பா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். "எத்தினி கொக்கி?" என்றார். ஜக்கார்டின் அளவைக் கொக்கிக் கணக்கில்தான் சொல்வார்கள். அந்தக் கணத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் இருக்கிறதே, அது ஜக்கார்டு விற்பவரின் குரலை எடுத்துக்கொண்டு, "இருநூத்தி நாப்பதுங்க, லேசா ஓடும்ங்க" என்றது. அப்பா சிரித்தார். முதலில் தன் தறியில் ஒரு சேலை நெய்து அறு, பிறகு உனக்குத் தனித் தறியும் பெட்டியும் என்றார். அம்மாவைக் கூப்பிட்டு, "கேட்டியா? புள்ள அவனா வாயத் தொறந்து பொட்டி கேக்கறான்" என்றார்.

பத்து விநாடித் தறி

பள்ளி விட்டு வந்ததும் தறிக்குழியில் இறங்கினேன். இழை அறுந்தது, ஊடு நூலைக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடும் நாடா தாவி முழங்காலில் விழுந்தது. நாலு நாளில் ஒரு சாண் கூட நகரவில்லை. அண்ணன் கொடுத்த பத்து நாளோ ஓடிக்கொண்டிருந்தது. சேலை கொஞ்சம் வளர்ந்து அப்பா மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்பது என் கணக்கு. சேலைதான் வளரவில்லை.

ஒரு காலையில் அப்பா நெய்துகொண்டிருந்தபோது மைக்கை நூல் கூடைக்குள் மறைத்துவைத்து அவர் தறிச் சத்தத்தைப் பிடித்தேன். மிதி, நாடா, நூலை நெருக்கும் பலகையின் அடி. பெட்டியில் பத்து விநாடிக்குத்தான் இடம். பரவாயில்லை, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும்படி சுற்ற விட்டால் நாள் முழுக்க நெய்யும். அன்று சாயங்காலம் தறிக்குழியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் அதை ஓட விட்டேன். மடியில் பெட்டி. மற்ற ஏழு பட்டன்களையும் அழுத்தாமல், ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தேன். இன்னும் நாலு நாளில் இதைத் திருப்பித் தரவேண்டும் என்று விரலுக்கு யார் சொல்வது?

முன்கூடத்தில் அப்பாவும் பக்கத்துத் தெரு நெசவாளி ஏழுமலை மாமாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு நின்றது. அப்பா மெல்லச் சொன்னார், "கேளுய்யா மச்சான். அப்பிடியே என் கை. அடி ஒண்ணு பெசகுதா பாரு." எத்தனையோ பேர் என் குரலில் ஏமாந்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். முதல் தடவையாக எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிறுத்தவும் கை வரவில்லை. நிறுத்தினால் அவர் சந்தோஷமும் நிற்கும்.

கொஞ்ச நேரம் கேட்ட ஏழுமலை மாமா சொன்னார், "கை உன்துதான். ஆனா இம்மா நேரமா ஓடுதே, தார் தீரவே மாட்டேங்குதே. எங்க சுத்துன தாருய்யா அது?"

ஊடு நூல் சுற்றிய குச்சிதான் தார். நாடாவுக்குள் இருப்பது. சில நிமிஷத்துக்கு ஒரு தரம் அது தீரும், தறி நிற்கும், புதுத் தார் போட்டு மறுபடி ஓடும். நிற்காத தறி உலகத்தில் கிடையாது. என் பத்து விநாடிக்குள் அந்த நிற்றல் விழவே இல்லை.

நான் தருவதாகச் சொன்ன சிரிப்பு இப்போதுதான் வந்தது, ஏழுமலை மாமாவிடமிருந்து, கூரை அதிர. அப்பா வந்து தறியருகே நின்றார். அசையாத பலகையைப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்த தறியைக் கேட்டார், கடைசியாக என் மடியில் பார்வை இறங்கியது. குனிந்து ஒரு ரப்பர் பட்டனை விரலால் லேசாகத் தொட்டார். "நீ கேட்ட பொட்டி இதானாடா?"

ஆகவே, சக ஏமாளிகளே, விரலின் ஆசைக்குப் பெட்டி போதும், ஆனால் பெற்ற அப்பாவை ஏமாற்றுவதாக இருந்தால் தறி நிற்கிற சத்தத்துக்கும் இடமுள்ள கம்ப்யூட்டரையே வாங்குங்கள்.