துத்தம் போடாத மாவு

யுத்த காலத்தில் திண்டிவனம் டூரிங் டாக்கீஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். சினிமா சுவரொட்டியில் கத்தியும் ரத்தமும் தெரியக்கூடாதென்று போலீஸ் உத்தரவு. அவற்றின்மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டுவது ஓர் ஒல்லி மனிதரின் வேலை. பசை மாவைப் பூச்சி அரிக்காதிருக்க, துத்தம் என்ற விஷத்தைக் கலந்துதான் கொடுப்போம். ஒருநாள் அவர், "துத்தம் போடாம குடுங்க சாமி" என்று கெஞ்சி வாங்கிப்போனார்.

மாலையில் மயிலம் ரோட்டுச் சுவரில், கத்தியின்மேல் காகிதத்தை வைத்து இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு நின்றார். எப்போதும் பசை காய்ந்திருக்கும் விரல்கள் சுத்தமாக இருந்தன.

"ஒட்டலையா?" என்றேன்.

"மாவைப் புள்ளைங்களுக்குக் கஞ்சி காச்சிட்டேங்க. இன்ஸ்பெக்டரு வர்ற நேரம். புடிச்சிக்கினு நிக்கிறேன்."

இன்ஸ்பெக்டர் வந்தார். ஒட்டுவதாக நினைத்துப் போய்விட்டார்.

"கையை எடுங்க" என்றேன்.

எடுக்கவில்லை. "இதே வழியாத்தான் திரும்புவாருங்க."