எட்டு கிராக் வந்த சனிக்கிழமை

1962-ஆம் வருடம், தை அமாவாசையை ஒட்டிய நாட்கள். பம்பாய் தாராவியில், தோல் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகரக் கூரை வீட்டில் நானும் கணவரும் குடியிருந்தோம். திருநெல்வேலிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். அப்போது எனக்கு நிறைமாதம்.

உலகம் அழியப் போகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. எட்டுக் கிரகங்கள் மகர ராசியில் ஒன்றாகக் கூடுகின்றனவாம். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கண்டமாம். பக்கத்திலிருக்கிற மாதுங்காவில் பந்தல் போட்டு ஹோமம் நடந்தது. எங்கள் சந்தில் சிலர், 'செத்தாலும் சொந்த ஊரில் சாவோம்' என்று மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிவிட்டார்கள்.

உலகம் அழிவதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. அழிந்தால் எல்லோரும் சேர்ந்துதானே போகப் போகிறோம்! என் கவலை வேறு. மாதுங்காவிலிருந்து நாத்தனார் வந்து, "அந்த மூணு நாளைக்குள்ள புள்ள பொறந்தா தகப்பனுக்கு ஆகாதாம். எப்படியாவது செவ்வாக்கிழமை வரைக்கும் தள்ளிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏதோ சினிமாவுக்குப் போவதைத் தள்ளிப்போடச் சொல்வது போல!

என் கணவர் மாஹிமில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். சாயங்காலம் தமிழ்ப் படிப்பகத்துக்குப் போய்ப் பேப்பர் முழுவதையும் படித்துவிட்டு வருவார். இந்தப் பேச்சை எடுத்தாலே அவருக்குக் கோபம் வரும்.

"எட்டுன்னு யாருட்டி சொன்னா? சூரியன் கிரகமே கிடையாது. அது நட்சத்திரம், தானே எரியுது. நிலா நம்ம பூமியைச் சுத்துது, அதுவும் கிரகம் இல்ல. கேதுன்னு வானத்துல ஒரு பொருளே கிடையாது. நிலா போற பாதையும் சூரியன் பாதையும் வெட்டிக்கிடுத இடத்துக்கு அப்படி ஒரு பேரு."

"அப்போ எட்டுல மூணு போச்சா?"

"போச்சு. மிச்சம் அஞ்சுதான்."

"அந்த அஞ்சும் மோதிக்கிடாதா?"

"மாஹிம் பாலத்து மேல நின்னு பாரு. தூரத்து சிக்னல் விளக்கெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன மாதிரித் தெரியும். கிட்டப் போனா ஒவ்வொண்ணும் எவ்வளவோ தள்ளி நிக்கும். அது மாதிரிதான் இதுவும்."

கேட்கும்போது புரிந்தது போல இருந்தது. அவர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மறுபடி குழம்பிவிட்டேன். இல்லாத பொருளுக்கு எதற்குப் பேர் வைத்தார்கள்? மூன்று போனாலும் ஐந்து இருக்கிறதே, ஒரு மனுஷனைக் கவிழ்க்க ஐந்து போதாதா? இவ்வளவும் பேசிய மனுஷர் மறுநாள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் வாங்கி வந்து வாசலில் கட்டினார். ஏன் என்று கேட்டேன். "சும்மா கிடக்கட்டும்" என்றார்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் கழிமுகத்துப் பக்கம் வெட்டவெளியில் போய் நின்று வானத்தைப் பார்த்தேன். எட்டும் கூடுகிறது என்றால் திருவிழாக் கடை போல ஓரிடத்தில் ஜொலிக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றைக்கூடக் காணோம். ஊரில் மேற்கே பளிச்சென்று தெரியுமே, அந்த வெள்ளி கூட இல்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டால், "எல்லாம் சூரியன் பக்கத்துல நிக்குது. அது கூடவே உதிச்சு அது கூடவே மறையுது. வெளிச்சத்துல எப்படித் தெரியும்?" என்றார். ராத்திரியில் வருவதற்குப் பயப்படலாம், விளக்கேற்றி வைக்கலாம். பட்டப்பகலில் கண்ணுக்குத் தெரியாமல் தலைக்கு மேல் நிற்பதை என்ன செய்வது?

சனிக்கிழமை காலையில் வலி வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. அவருக்கு டிபன் கட்டிக் கொடுத்து வேலைக்கு அனுப்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை வரை தாங்கிக்கொள்ளலாம் என்று நிஜமாகவே நம்பினேன். முதல் பிரசவம், எனக்கென்ன தெரியும்! புள்ளையும் வேண்டும், புருஷனும் வேண்டும். வாசற்படியில் உட்கார்ந்து நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர். லாத்தா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டு முன்பக்கமே அவர் கணவருக்குத் தோல்பை தைக்கிற பட்டறை. வாடிக்கைக்காரர் என்ற வார்த்தை தாராவியில் யார் வாயிலும் வராது. பம்பாய் இந்தியில் சொல்கிற மாதிரி 'கிராக்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். லாத்தாவுக்குக் காலையில் கண் விழித்தால் கிராக், ராத்திரி கண் மூடினால் கிராக்.

"என்னளா, கண்ணு கலங்கியிருக்கு?" என்று வந்தார் லாத்தா.

"எட்டு கிரகம் சேந்து வந்திருக்கு லாத்தா" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு பேசியதில் பாதி வார்த்தை உள்ளேயே போய்விட்டது.

"எட்டு கிராக்கா? ஒரே நாள்லயா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல சேதிதானே, அதுக்கு ஏன் அழுதே? இந்த வாரம் பூரா பட்டறையில ஈ ஓட்டுதோம். எங்க நிக்காங்க?"

"மகரத்துல."

"அது எங்க இருக்கு, குர்லா தாண்டியா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் பட்டறைப் பக்கம் திரும்பி, "ஏங்க, எட்டு கிராக் வாராங்களாம்! சாயா சொல்லி வைங்க!" என்று கத்தினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சனி பகவானும் சுக்கிரனும் வரிசையாக உட்கார்ந்து சாயா குடிப்பது கண் முன்னால் வந்தது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பில் பனிக்குடம் உடைந்துவிட்டது.

லாத்தாவின் முகம் மாறியது. "எப்போலேர்ந்து வலி?"

"விடியக்காலம் புடிச்சு. செவ்வாக்கிழமை வரைக்கும்..."

அவர் மீதியைக் கேட்கவில்லை. தோல் ஏற்றுகிற கைவண்டியில் இரண்டு சமுக்காளத்தை விரித்து என்னைப் படுக்க வைத்தார். அவர் கணவர் வண்டியை இழுக்க, லாத்தா என் தலையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தார். அந்தத் தோல் நாற்றம் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா திட்டித் தீர்த்துவிட்டார். தொப்புள்கொடி குழந்தையின் கழுத்தைச் சுற்றியிருந்ததாம். இன்னும் கொஞ்ச நேரம் வீட்டில் உட்கார்ந்திருந்தால் குழந்தை தங்கியிருக்காதாம். பெண் குழந்தை. உச்சிவேளையில் பிறந்தாள். அதாவது, எந்தக் கிரகங்களுக்குப் பயந்தேனோ அவ்வளவும் ஏறக்குறைய என் தலைக்கு மேலேயே இருந்திருக்கின்றன!

சாயங்காலம் கணவர் வந்தார். கையில் ஒரு கிண்ணம், ஒரு பாட்டில் நல்லெண்ணெய். வழியில் நாத்தனாரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். ஆகாத நேரத்தில் பிறந்த குழந்தையைத் தகப்பன் நேராகப் பார்க்கக் கூடாது, முதலில் எண்ணெயில் தெரிகிற முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கேது என்று ஒரு பொருளே கிடையாது என்று சொன்ன அதே மனுஷர், வார்டு வாசலில் தலையைக் குனிந்தபடி நின்றார். நானும் சட்டென்று குழந்தையின் முகத்தைத் துணியால் மூடிவிட்டேன். அவர் பார்க்க வேண்டும் என்றும் இருந்தது, பார்த்து ஏதாவது ஆகிவிடுமோ என்றும் இருந்தது.

தரையில் உட்கார்ந்திருந்த லாத்தா எழுந்தார். குழந்தையைத் தூக்கினார்.

"தம்பி, எட்டு கிராக் வரல. இந்த ஒண்ணுதான் வந்திருக்கு. வாசல் தேடி வந்த கிராக்கை எண்ணெய்க் கிண்ணத்துலயா பாப்பாங்க? போணி ஆகுத நேரத்துல மூஞ்சியைத் திருப்பினா வியாபாரம் விளங்குமா? நேராப் பாத்து வான்னு சொல்லுங்க."

கணவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். துணியை விலக்கி முகத்தைப் பார்த்தவர், "வா" என்றார். சொல்லும்போதே அழுதுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வந்தது. குழாயடியில் எப்போதும் போலச் சண்டை நடந்தது. சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் மேற்கே வெள்ளி தெரிந்தது. குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். மகரத்தில் கூடியவர்கள் எல்லோரும் கலைந்து அவரவர் வழியில் போய்விட்டார்கள் போல. எங்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை. கணவர் பேரன் பேத்திகளைத் தோளில் தூக்கி வளர்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்.

லாத்தா அன்றைக்கு நிஜமாகவே தப்பாகக் கேட்டாரா, அழுகிறவளைச் சிரிக்க வைக்க அப்படிச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பம்பாயே பேசிக்கொண்டிருந்த விஷயம் அவர் காதில் மட்டும் விழாமலா இருந்திருக்கும்? பல தடவை கேட்டுப் பார்த்தேன். "கிராக் வந்துச்சா இல்லையா?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

எது கிரகம், எது நட்சத்திரம், எது வெறும் பேர் என்று என் மகள் எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தும் எனக்கு இன்னும் குழப்பம்தான். ஆனால் நேரம் சரியில்லை என்று யாராவது சொன்னால், எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாக வைத்துவிட்டு என் கணவர் கையை நீட்டியதுதான் நினைவுக்கு வருகிறது; உடனே நானும் வருவதை நேராகப் பார்த்து, "வா" என்று சொல்லிவிடுகிறேன்.